இரண்டாம் சிம்மில் இருந்த ஆள்

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி ஓரமாக ரயில் நிலையம் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. பகல் ஒரு மணி இருக்கும். இடது கையில் நான்கு நீள நோட்டுகளை அணைத்துப் பிடித்திருந்தேன். தோளில் ஜரிகை வைத்த பொன்னாடை கிடந்தது. எதிரே வந்த பூக்காரம்மா மேலும் கீழும் பார்த்த பிறகுதான் அது இன்னும் தோளில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. போனைப் பார்த்தேன். இரண்டாம் சிம்மில் அழைப்பு. அது என் எண் இல்லை. அவருடைய எண்.

அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை ஆறு வருடமாக நான் எடுத்ததே இல்லை. அடித்து ஓயவிடுவேன். பிறகு, 'கூட்டத்தில் இருக்கிறேன், செய்தி அனுப்பவும்' என்று தட்டிவிடுவேன். அவர் எப்போதும் கூட்டத்தில்தான் இருப்பார். அவ்வளவு பெரிய மனிதர். அன்றைக்கு எடுத்தேன்.

"ஐயா, வணக்கம். ஒரு சின்ன சங்கடம்," என்றார் பத்திரிகை ஆசிரியர். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவருடைய விழா மேடையிலிருந்து நான் இறங்கி வந்திருந்தேன்.

"சொல்லுங்க."

பெண் குரலைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. "அம்மாவா? ஐயா போன் உங்ககிட்டதான் இருக்கா?"

"ஆமா. நான்தான் அது."

"தெரியுதும்மா. ஐயா பக்கத்துல இருந்தா அவர்கிட்ட குடுங்க. மேடையில இருந்த நோட்டை நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. அது அவரோட நாவல். எங்களை நம்பி அனுப்பியிருக்கார். நாளைக்கு அவர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"அவர் கேக்க மாட்டார்."

"அதெல்லாம் குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்குங்க. இப்ப போனைக் குடுங்க அவர்கிட்ட."

வைத்துவிட்டேன். என் நாவலை நான் திருடிக்கொண்டு போகிறேன் என்று, நான் உண்டாக்கிய ஆளிடமே என்மேல் புகார் சொல்லப் பார்த்தார். கோபத்தில் கால் தரையில் பாவவில்லை. நின்றால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் இன்னும் வேகமாக நடந்தேன்.

அந்த ஆள் எப்படி வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கருங்குழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு காலனியில் பிறந்தேன். அம்மா நடவுக்குப் போனாள். நடவு குறைந்ததும் நூறு நாள் வேலைக்குப் போனாள். நான் கம்பெனி வேன் எங்கே கூட்டிப்போனதோ அங்கே போனேன். ஷூ தைத்தேன். பிஸ்கட் பாக்கெட் ஒட்டினேன். வேடந்தாங்கலில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சீசன் முழுக்க டீ போட்டேன். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்களில் மாடி மாடியாகத் துடைத்தேன். எங்கேயும் ஒன்றரை வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. காலுக்குள் ஏதோ அரிக்கும், கிளம்பிவிடுவேன். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. பத்து மாதம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதிலிருந்தும் கிளம்பிவிட்டேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோரம் இறால் குஞ்சு பொரிக்கிற இடங்கள் உண்டு. ஹேச்சரி என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தார்ப்பாய் மூடிய நீள நீளமான ஷெட்டுகள்தான். உள்ளே கடல் தண்ணீர் நிரப்பிய தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் எண்ண முடியாத அளவு குஞ்சுகள். நம் கண்ணுக்கு வெறும் புள்ளியாகத்தான் தெரியும். அத்தனைக்கும் மூச்சு ஒரே ஒரு மெஷினிலிருந்து போகும். ப்ளோயர் என்று பெயர். குழாய் வழியாகத் தொட்டிகளுக்குக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அது நின்றால் அரை மணியில் எல்லாம் செத்து அடியில் படிந்துவிடும்.

ஷெட்டுக்குப் பின்னாலேயே எங்கள் அறை. ப்ளோயர் சத்தத்தில்தான் தூங்கினோம். முதல் வாரம் தூக்கமே வராது. அப்புறம் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஒரு நாள் கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காமல், சத்தம் நின்றது. அறையில் இருந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். யாரும் யாரையும் எழுப்பவில்லை. மறுநாள், தீனி போட்ட கணக்கு எழுதும் தாளின் பின்பக்கம், 'சத்தம் நின்றதும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்' என்று எழுதினேன். அது ஒரு கதையின் முதல் வரி என்று எனக்கே தெரியாது. எழுத எழுத அது ஹேச்சரியாக இல்லை. சனிக்கோளுக்குப் போகும் ஒரு கப்பலாக இருந்தது.

இப்படி ஒரு கதை எழுதலாம் என்ற தைரியம் எனக்கு வந்ததற்கு ஒரு மாதப் பத்திரிகைதான் காரணம். செங்கல்பட்டிலிருந்து வந்த அறிவியல் பத்திரிகை. எங்கள் டெக்னீஷியன் படித்துவிட்டு, கை துடைக்கப் போட்டுவைப்பார். மாதம் ஒரு விஞ்ஞானக் கதை வரும். அந்தக் கதைகளில் மெஷின் கெட்டுப்போகும். உடனே கதாநாயகன் நான்கு வரி இங்கிலீஷ் பேசுவான், அது சரியாகிவிடும். நான் பார்த்த மெஷின் எதுவும் இங்கிலீஷுக்குக் கட்டுப்பட்டதில்லை. கிரீஸுக்குத்தான் கட்டுப்படும்.

இன்னொரு காரணமும் உண்டு. தூரமான மூன்று நாளும் பெண்கள் குஞ்சு ஷெட்டுக்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் குஞ்சு செத்துப்போகும் என்று அங்கே ஒரு சட்டம். எழுதி ஒட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். நான்கு மாதம் பொய் சொல்லிவிட்டு உள்ளே போனேன். எந்தெந்த நாள், எந்தத் தொட்டி என்று குறித்து வைத்தேன். குஞ்சுகள் எப்போதும்போல் இருந்தன. நான் செய்த முதல் ஆராய்ச்சி அதுதான். முடிவை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் வேலை போயிருக்கும்.

கப்பல் கதையைப் படி எடுத்து, என் பெயரைப் போட்டு, தபாலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. கூடவே ஆசிரியரின் கடிதம். 'அன்புச் சகோதரிக்கு, ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் இயந்திரங்கள் பற்றிய இடங்களில் அனுபவமின்மை தெரிகிறது. விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டித் திருத்தியிருக்கலாம். எங்கள் மகளிர் பக்கத்துக்குக் குடும்பச் சூழலில் அமைந்த குட்டிக் கதைகள் அனுப்புங்களேன்.'

அந்தக் கடிதத்தைப் படித்தபோது நான் ப்ளோயர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். எதிரே மோட்டாரின் வயிற்றில், அதை ரீவைண்டிங் செய்த கடையின் ஸ்டிக்கர். அதில் ஒரு ஆளின் பெயர். அந்தப் பெயரை எடுத்தேன். பின்னால் நானாக ஒரு பி.இ. சேர்த்தேன். கதையில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் மறுபடி படி எடுத்து அனுப்பினேன். அடுத்த இதழிலேயே வந்துவிட்டது. மேலே ஆசிரியர் குறிப்பு: 'துறை சார்ந்த நீண்ட அனுபவம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.'

அன்றைக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஏனென்றால் எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது. அவருக்கு 'ஐயா' என்று கடிதம் வந்தது. கப்பல் படையில் இருந்தவரா, பெரிய தொழிற்சாலையிலா என்று வாசகர்கள் கேட்டார்கள். நான் மாடிப்படி துடைத்துக்கொண்டிருக்கும்போது என் பையில் ஒரு ஐயா இருந்தார். அவருக்கென்று இரண்டாவது சிம் வாங்கினேன். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஆசிரியர் எழுதினார். ஆறு வருடத்தில் பதினோரு கதை. ஐந்தாவது கதையில் கப்பலின் ப்ளோயர் அறைக்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாகப் போட்டிருந்தேன். 'ஐயா, அந்த இடத்தில் பெண் என்பது நம்பும்படி இல்லை. பரிசீலிக்கவும்' என்று ஆசிரியர் செய்தி அனுப்பினார். பரிசீலித்தேன். அவளை அழித்து ஒரு ஆளைப் போட்டேன். ஒரு பீடியையும் அவன் வாயில் வைத்தேன். அது பிரமாதமாக இருக்கிறது என்று பதில் வந்தது.

அதன்பிறகுதான் நாவலை ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவர. நான்கு நோட்டு முழுக்க அவள்தான். சாகப்போகும் ஒரு கப்பலில் யாரும் கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள். அதை அந்த ஆளின் பெயரில் போட எனக்கு மனசில்லை. என் பெயரில் வரவேண்டும். மற்ற பதினொன்றும் போகட்டும், இது ஒன்று மட்டும்.

அந்தச் சமயத்தில்தான் பதினோரு கதையும் புத்தகமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா, ஐயா கட்டாயம் வரவேண்டும், அடுத்த நாவலின் கையெழுத்துப் பிரதியை மேடையில் வைத்துக் கௌரவிக்க வேண்டும் என்று ஆசிரியர் கெஞ்சினார். 'எழுதியவர் வருவார்' என்று இரண்டாம் சிம்மிலிருந்து பதில் போட்டேன். சிறுசேரியில் சூப்பர்வைசரிடம் ஞாயிறு லீவு கேட்டேன். தரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அது எனக்குப் பெரிய விஷயமில்லை. அந்த மாதிரி எத்தனையோ கார்டைக் கழற்றியிருக்கிறேன்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் ஆண்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். வாசலிலேயே ஆசிரியரைப் பார்த்து, "சார், இந்தக் கதைங்களை எழுதினது..." என்று ஆரம்பித்தேன். நோட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா வரலையா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நீங்கதான் வீட்டம்மாவா? வாங்கம்மா, வாங்க. உங்களையாவது அனுப்பி வச்சாரே."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். மைக்கில் சொன்னால் நாற்பது பேருக்கும் ஒரேயடியாகத் தெரியுமே என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பேசாமல் போய் மேடையில் உட்கார்ந்தேன். என் நோட்டுகளை ஒரு மேசைமேல் வைத்து, அதற்கு ஒரு முழம் சம்பங்கியும் போட்டார்கள்.

பொன்னாடை நேரம் வந்தது. வரப்போவது ஐயா என்று நினைத்து ஒரே ஒரு பொன்னாடை வாங்கி, போர்த்துவதற்குச் சிறப்பு விருந்தினராக ஒரு ஓய்வு பெற்ற பொறியாளரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் அதைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு ஆண் பெண்ணுக்குப் போர்த்தக் கூடாது. எந்த விழாவிலும் அது வழக்கமில்லை. "அம்மாவுக்குப் போர்த்த மகளிர் யாராவது மேடைக்கு வரணும்," என்று ஆசிரியர் மைக்கில் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க யாரும் இல்லை. கடைசியில் பின்வரிசையில் டீ டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்த மண்டபத்துப் பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

சேலைக்கு மேல் நீலக் கோட்டு. அதே கோட்டை முந்தின நாள் சாயங்காலம்வரை நானும் போட்டிருந்தேன். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு மேடை ஏறி வந்தவள், பொன்னாடையை என் தோளில் போடுகிற சாக்கில் காதருகே குனிந்தாள்.

"இன்னாத்துக்கு இத்தினி மரியாத? நீ இன்னா பண்ண?"

"கதை எழுதினேன்."

"நீயா? அவ்ரு எழ்தினார்னு பேசிகினு கீறாங்களே."

"நான்தான்."

"இன்னா கதை?"

"ஒரு கப்பல்ல காத்து நின்னு போற கதை."

"ஐய்யோ. அப்பால இன்னா ஆச்சி, செத்துட்டாங்களா?"

படம் எடுக்கிறவர், "அம்மா, இந்தப் பக்கம் பாருங்க, பேசாதீங்க," என்றார். அவள் பதிலுக்காக நின்றாள். பிறகு இறங்கிப் போய் டம்ளர்களை எடுத்தாள். அந்த மண்டபத்தில் என்னிடம் கதையைப் பற்றிக் கேட்டது அவள் ஒருத்திதான்.

பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். நான் சுற்றிவளைக்கவில்லை. "இந்தக் கதைங்க எல்லாம் நான் எழுதினது. அந்தப் பேர்ல ஆள் யாரும் இல்ல," என்றேன்.

கைதட்டல். சிரிப்பு. ஆசிரியர் எட்டி மைக்கைப் பிடித்து, "உண்மைதான், உண்மைதான். நம்ம எல்லார் வீட்லயும் பின்னாடி அம்மாதானே இருக்காங்க," என்றார். பொறியாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என் வீட்டுக்காரியும் அப்படித்தான். நான் முப்பது வருஷம் பார்த்த வேலையை அவதான் பார்த்ததா சொல்லுவா," என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

"கையெழுத்தைப் பாருங்க. இப்பவே எழுதிக் காட்டறேன்," என்றேன்.

"ஐயா சொல்லச் சொல்ல நீங்கதான் எழுதுவீங்களா? கொடுத்து வச்சவர்," என்றார் ஆசிரியர். அவர் கேலி செய்யவில்லை. கண்ணில் ஈரம்கூட இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

பொறியாளருக்கு என்னைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. "அம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்தக் கப்பல்ல ஐயா ஏன் ரெண்டு ப்ளோயர் வச்சிருக்கார்? ஒண்ணு போதாதா?"

"ஒண்ணு ஓடும், ஒண்ணு தூங்கும். முறை போட்டு மாத்தணும். மாத்தாம போட்டு வச்சா, தூங்கறது அப்புறம் எழுந்திருக்காது. பெரிய மெஷின் ஒண்ணு வைக்கறதைவிடச் சின்னது ரெண்டு நல்லது. ஒண்ணு போனாலும் பாதி உசுரு மிஞ்சும்," என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பார்த்தீங்களா? வீட்ல எவ்வளவு பொறுமையா உக்கார வச்சு விளக்கியிருக்கார். இதுதான் ஒரு நல்ல இன்ஜினியர்."

மறுபடி கைதட்டல்.

சம்பங்கியை எடுத்து மேசையில் போட்டேன். நோட்டுகளை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. ஐயா வீட்டம்மா பாத்ரூம் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ரயில் நிலையத்தைத் தாண்டிப் பேருந்து நிலையம் வந்ததும் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர் சொன்னால் நம்புவார்கள். இரண்டாம் சிம்மிலிருந்து ஆசிரியருக்குச் செய்தி அடித்தேன்.

'நோட்டுகள் அவளுடையவை. நாவலும் பதினோரு கதைகளும் அவள் எழுதியவை. அவள் பெயரில்தான் நாவல் வரவேண்டும். நான் என்று ஒருவன் இல்லை.'

டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. 'ஐயா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. துணைவியாருக்கு இப்படி ஒரு இடத்தைக் கொடுக்கும் மனசு யாருக்கு வரும்? நாவலை அவர்களுக்கே சமர்ப்பணம் செய்துவிடலாம். "நான் என்று ஒருவன் இல்லை" என்ற வரியை உங்கள் பெயருக்குக் கீழே பின்னட்டையில் போட அனுமதி வேண்டும்.'

அந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன். டீக்கடைக்காரர், "இன்னாம்மா, டீ ஆறிகினு கீது," என்றார். குடித்தேன். ரவிக்கையில் இருந்த ஊக்கைக் கழற்றி, போனின் பக்கவாட்டில் குத்தி, இரண்டாம் சிம்மை வெளியே எடுத்தேன். நகம் அளவு பிளாஸ்டிக். பல்லில் வைத்து இரண்டாக ஒடித்து, கடை வாசலில் இருந்த எச்சில் கப் கூடையில் போட்டேன். ஆறு வருடம் என்கூட இருந்த ஆள். ஒரு சொட்டு வருத்தம்கூட வரவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாவலில் முப்பத்தோரு அத்தியாயம். ஆசிரியருக்குப் பழக்கம் என்பதால் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அந்த ஆளின் பெயரைப் போட்டிருந்தேன். விழாவில் உண்மையைச் சொன்ன பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். ஒரு கோடு போதும்தான். நான் அடியில் இருந்த தாளும் கிழியும்வரை அடித்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். வண்டி குலுங்கிய இடங்களில் அது கோணிக்கொண்டு போனது. முப்பத்தோராவது பெயரை எழுதி முடிக்கும்போது கடல் தெரிந்தது.

ஹேச்சரியில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருத்தி அந்தப் பக்கம் குப்பத்தில் இருந்தாள். எனக்குக் கால் அரித்துக் கிளம்பும்போதெல்லாம் இடையில் ஒரு நாள் அவள் வீட்டில் படுப்பது வழக்கம். வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமே, சால்வலாம் போட்டுகினு வர. கவுன்சிலர் ஆயிட்டியா?"

"பொண்டாட்டி ஆயிட்டேன்க்கா."

"யார்க்குடி?"

"நான் எழுதின ஆளுக்கு."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெத்திலியைக் கீழே போட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். "புருசனே இல்லாம பொண்டாட்டி ஆனவ ஒலகத்துல நீ ஒருத்திதான். நல்லதுதான்டி. குடிச்சிட்டு வரமாட்டான், கை நீட்ட மாட்டான், சோறு கேக்க மாட்டான்."

"பேரை மட்டும் எடுத்துப்பான்."

"பேருதான? எடுத்துகினு போறான் வுடு. இத்தினி வருசம் நான் களுவுன தொட்டில எம்பேரா கீது?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. "தொட்டி வேற, இது வேறக்கா," என்றேன்.

"இன்னா வேற?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது யோசித்தால், வேறே இல்லை என்றுதான் தோன்றுகிறது. தொட்டியிலும் அவள் பெயர் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொன்னாடையை அவளிடம் கொடுத்தேன். டிவிமேல் தூசி படாமல் போட்டு மூடினாள். நன்றாகத்தான் இருந்தது. மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்தோம்.

காலையில் அவள் இப்போது வேலை பார்க்கும் ஹேச்சரிக்கு என்னையும் கூட்டிப்போனாள். கேட்டிலேயே சூப்பர்வைசர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் சாவிக்கொத்து.

"இன்னா தெரியும்?" என்றார்.

"தொட்டி கழுவுவேன், தீனி போடுவேன், ப்ளோயர் பாப்பேன்."

"ப்ளோயர்லாம் ஆம்பள பாத்துப்பான். தொட்டி களுவு. மூணு நாளு ஷெட்டுக்குள்ள வரக்கூடாது, அது தெரியுமில்ல?"

நான் அவரைப் பார்க்கவில்லை. ஷெட்டின் பின்பக்கத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சீரான இரைச்சலுக்கு அடியில் மணலை மெல்லுவதுபோல் ஒரு நறநறப்பு.

"அண்ணாத்த, ஓடிகினு கீற ப்ளோயர்ல பேரிங் போவுது. சாயங்காலம் தாங்காது."

"ஒரு வாரமா அப்டித்தான் கீது. ஒண்ணும் ஆவல."

"ஸ்க்ரூடிரைவர காதுல வச்சிக் கேட்டுப் பாரு."

முறைத்தார். ஆனால் போனார். ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் குனிந்து நின்றார். திரும்பி வந்து, சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஆளு பத்து மணிக்குத்தான் வருவான். நீ கயட்டத் தெரிஞ்சா கயட்டு."

நாவல் இருந்த பையை ப்ளோயர் அறை ஆணியில் மாட்டினேன். தூங்கிக்கொண்டிருந்த மெஷினை முதலில் ஓடவிட்டு, இரண்டு சத்தமும் சேர்ந்த பிறகு கெட்டதை நிறுத்தினேன். உள்ளே தொட்டிகளில் குமிழ் நிற்கவில்லை. பேரிங்கைக் கழற்றிக் கொடுத்தபோது குண்டு ஒன்று உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

சுவரில் லாக் ஷீட் தொங்கியது. தேதி, நேரம், கோளாறு, சரிசெய்தவர் பெயர் என்று கட்டங்கள். நிரப்பினேன். அவர் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"பொம்பள பேரு போட்டா ஆபீஸ்ல கேப்பாங்க. அந்தாளு பேரப் போடு."

"கேக்கட்டும்," என்றேன்.

அவர் பிளீச்சிங் வாளியையும் பிரஷையும் காட்டினார். மூன்றாம் தொட்டியைக் கழுவப் போனேன்.